றொக் இசையில் மனோதர்மமும் கூட்டிசைவும்

இசை கேட்போர் இருவகையினர். பாட்டின் முடிவை நோக்கிக் கேட்போர் ஒரு சாரார். அது செல்லும் நெறியை நோக்கிக் கேட்போர் மற்றொரு சாரார். மேலைநாட்டு றொக் இசைக்குழுவினர் மேடையிலே ஒரு பாட்டை இருபது நிமிடத்துக்கு மேலாக விரித்து வாசிக்குமிடத்து, முதற்சாரார் அதனை வெற்றாரவாரம் எனத் தள்ளிவிடுவர். அவ்விசையின் உயிர்நிலை வாசிப்போர் ஒருவரையொருவர் செவிமடுக்குந் தன்மையிலே தங்கியுள்ளது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

1971ஆம் ஆண்டு மார்ச் 12ஆம், 13ஆம் நாள்களில் ஓல்மன் சகோதரர் குழுவினர், நியூயோர்க் நகரில் அக்காலத்திருந்த பில்மோர் ஈஸ்ற் அரங்கில் வாசித்தவை ஒலிப்பதிவு செய்யப்பெற்று, அவ்வாண்டு யூலையில் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றுள் 'விப்பிங் போஸ்ற்' என்னும் பாட்டு, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்து ஏறத்தாழ 23 நிமிடம் நிகழ்வது. 1969இல் வெளிவந்த அதன் முதல் வடிவமோ ஐந்து நிமிடத்தைச் சிறிதே கடந்தது.

குழுவினர் அறுவர். டுவேன் ஓல்மனும் டிக்கி பெற்சும் கித்தார் வாசித்தனர். பெரி ஓக்லி பேஸ் கித்தார் வாசித்தார். கிரெக் ஓல்மன் பாடி, ஓர்கனும் வாசித்தார். ட்றம் வாசித்தோர் இருவர். புச் ட்றக்ஸ் காலப்பிரமாணந் தளராது உந்திச் செல்ல, ஜாஸ் இசையில் ஈடுபாடு மிக்க ஜேமோ அதன் இடைவெளிகளை அணிசெய்வார். மைல்ஸ் டேவிஸ், ஜோன் கொல்றேன் ஆகிய ஜாஸ் மேதைகளின் இசையை விரும்பிக் கேட்டுப் பழகியமையால், சில சுரங்களையே நிலைக்களமாகக் கொண்டு நெடிது விரிக்கும் ஆற்றல் இவர்கட்கு வாய்த்தது எனலாம்.

பாட்டைப் பேஸ் கித்தார் தனித்துத் தொடங்குகின்றது. மும்மூன்றாக மும்முறை எண்ணி, ஈற்றில் இரண்டே எண்ணுவதால் எண்ணிக்கை பதினொன்றாகின்றது. செவி எதிர்பார்க்கும் பன்னிரண்டாம் எண் அங்கில்லை. அக்குறையே நம்மை அடுத்த சுற்றுக்குத் தள்ளுகின்றது.

பின்னர் டுவேனும், அவர்க்குப்பின் பெற்சும் தனிவாசிப்பு நிகழ்த்துகின்றனர். அவ்விடத்துத் தனிவாசிப்பாளரை மட்டும் பின்தொடர்தல் போதாது. ஒருமுறை பேஸ் கித்தாரிலும் மறுமுறை ட்றம்களிலும் செவியை நிறுத்திக் கேட்டல் வேண்டும். கித்தார் மேலேற மேலேற ஏனையோர் அதனைத் தாங்கும் வகையும், சில வேளை அவர்களே அதனை ஏறுமாறு தூண்டும் வகையும் அப்பொழுதே புலனாகும்.

இடையிலே தாளக்கட்டுத் தளர்ந்து, ஒலி மிகவும் அடங்கும் பகுதி ஒன்றுளது. ஆயினும் ஆங்கு விறுவிறுப்புக் குன்றுவதில்லை. எவரும் முந்துவதில்லை, ஒருவர் இட்ட சிறு சுரக்கோவைக்கு மற்றவர் இடமளித்துக் காத்திருக்கின்றார். உரத்த ஒலி வேறு, உணர்ச்சிச் செறிவு வேறு என்பதை இப்பகுதி நன்கு தெளிவிக்கும். அடுத்து என்ன நிகழுமோ என்னும் எதிர்பார்ப்பைக் கைவிடாது காத்தலே அச்செறிவு.

அவ்வாண்டு ஒக்டோபர் 29இல் டுவேன் தமது 24ஆம் வயதில் மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றின் விளைவாக இறந்தார். 1972 நவம்பர் 11இல் ஓக்லியும் அதே வயதில் அவ்வாறே மறைந்தார். குழு வேறு கலைஞரையுஞ் சேர்த்துக்கொண்டு, இடையிடையே கலைந்தும் கூடியும், 2014 வரை அப்பாட்டை வாசித்தது. பாட்டு அழியவில்லை, அவ்வறுவர்க்கிடையே நிகழ்ந்த உரையாடல் மட்டும் மீளவில்லை. சுரங்களை ஏட்டில் எழுதிவைக்கலாம். ஒருவர் மற்றவரைக் கேட்ட கேள்வியை எழுதிவைத்தல் இயலாது. ஆதலின் அப்பதிவைக் கேட்கப் புகுவோர், அவர்கள் ஒருவரையொருவர் கேட்டவாறே தாமுங் கேட்பாராக.