மூட்டு வலி: மனதுக்குத் துணை வரும் சாஃப்ட்வேர்

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்கு வாதத்தில் பாதிக்கப்படுவது மூட்டு மட்டுமல்ல. வலியால் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மனம் சோர்கிறது. சோர்ந்த மனதுக்கு அதே வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. புரோகிராமர் பாஷையில் இது ஓர் இன்ஃபினிட் லூப். இதை உடைக்க கம்ப்யூட்டர் உதவுமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவர் 1970களின் இறுதியில் மூட்டுவாத நோயாளிகளுக்காக 6 வார வகுப்பு ஒன்றை உருவாக்கினார். வலியைச் சமாளிப்பது, வாரம் ஒரு சிறு இலக்கு வைப்பது, சக நோயாளிகளுடன் பேசுவது ஆகியவைதான் பாடம். பிறகு இதே வகுப்பு இன்டர்நெட்டுக்கு வந்தது. 2008-ல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு வலியும் நோய் பற்றிய கவலையும் சேராதவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆனால் டாக்டரிடம் போவது குறையவில்லை. எனவே ‘டாக்டரே வேண்டாம்’ என்று எந்த ஆப்பாவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

இப்போது சாட்பாட் காலம். பெங்களூருவில் உருவான வைசா ஆப்பில் ஒரு பென்குயின் உங்களோடு ஆங்கிலத்தில் சாட் செய்யும். நிஜப் பெயர் தேவையில்லை, நிக்நேம் போதும். ‘இனி என்னால் எதுவுமே முடியாது’ என்பது போன்ற எண்ணங்களைக் கேள்வி கேட்டு, வேறு கோணத்தில் யோசிக்க வைக்கும். காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபியின் அடிப்படை இதுதான். நாட்பட்ட எலும்பு, தசை வலியோடு மனச்சோர்வும் உள்ளவர்களுக்கு உதவும் கருவி என்று 2022-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. இதற்கு ‘பிரேக்த்ரூ டிவைஸ்’ தகுதி கொடுத்தது. இது பரிசீலனையை வேகப்படுத்தும் சலுகை மட்டுமே, அங்கீகாரம் அல்ல.

சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை. விரல் மூட்டு வீங்கியவரைப் போய் டைப் செய்யச் சொல்கிறோமே! என் பெரியம்மாவால் காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. அவர் மனம் அதிகம் சோர்வதும் அப்போதுதான். அவருடைய போனில் ஜிபோர்டின் மைக் பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். மொழிகளில் இந்திய இங்கிலீஷைத் தேர்ந்தெடுத்தால் நம் உச்சரிப்பை ஓரளவு சரியாகவே பிடிக்கிறது. பெரியம்மா ரிட்டயர்டு டீச்சர். பாட் செய்யும் இலக்கணப் பிழைகளையும் திருத்துகிறார்!

ஆங்கிலம் வராதவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே ஆலோசகரிடம் பேசலாம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டால் போனைப் பிடிக்கக்கூட வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் சாட்பாட்டில் நேரம் கடத்தாமல் நேராக இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.