ஜோர்டான் வாங்கும் முன் கேட்க வேண்டிய படங்கள்

‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘7ஏ குவாலிட்டி’ என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பவரிடம் வாங்குகிறவருக்கு, கைக்கு வருவது போலி என்று தெரியும். இது அவருக்கான கட்டுரை அல்ல. அசல் என்று நம்பி, சேர்த்து வைத்த பணத்தைக் கொடுக்கப் போகிறவருக்காக எழுதுகிறேன்.

போலிகள் மிகுந்த, நைக்கியின் ஏர் ஜோர்டான் 1-ஐ எடுத்துக்கொள்வோம். 1985-ல் 65 டாலருக்கு விற்ற ஷூ இது. அதன் புகழ்பெற்ற சிகாகோ வண்ணம் 2022 நவம்பரில் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற பெயரில் 180 டாலருக்குத் திரும்ப வந்தது. கேட்டவர்கள் அதிகம், கிடைத்தவர்கள் குறைவு. மறுவிற்பனையில் விலை ஏறியது. அந்த ஏக்கத்தை நம்பித்தான் போலி வியாபாரம் நடக்கிறது.

தையல் கோணலாக இருந்தால் போலி என்பது பழைய அறிவுரை. இன்று அது போதாது. சீனாவின் புட்டியான் நகரம் 1980களிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஷூ தைத்துப் பழகிய ஊர். போலி ஷூவுக்குப் பேர்போனதும் அதே ஊர்தான். கைத்திறனில் குறை தேடினால் பல நேரம் ஏமாறுவோம்.

அதனால் முதலில் உள்லேபிளைப் பாருங்கள். ஷூவின் உட்புறம், கணுக்கால் பக்கத்திலோ நாக்கின் பின்னாலோ இருக்கும். அதில் சைஸ், தயாரான நாடு, தயாரிப்புத் தேதிகள், ஸ்டைல் கோடு எல்லாம் உண்டு. லாஸ்ட் அண்ட் ஃபவுண்டின் கோடு டிஇசட்5485-612. கடைசி மூன்று இலக்கங்கள் வண்ணத்துக்கானவை. 6-ல் தொடங்கினால் சிவப்பு வகை. லேபிளில் இருக்கும் கோடை அப்படியே கூகுளில் போட்டுத் தேடுங்கள். வேறு மாடலோ வேறு வண்ணமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெட்டியின் லேபிளிலும் அதே கோடு, அதே சைஸ் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் வெளியான ஷூவில் 2019-ம் ஆண்டுத் தேதி இருந்தால் அதுவும் போலிக்கு அடையாளம்.

ஒன்றை மறக்கக் கூடாது: கோடு பொருந்தாவிட்டால் போலி என்று சொல்லலாம், பொருந்திவிட்டது என்பதற்காக அசல் என்று சொல்ல முடியாது. நல்ல போலிக்காரர் சரியான கோடைத்தான் அச்சடிப்பார். அடிடாஸின் யீசி ஷூக்களில் இன்னொரு வழி இருக்கிறது. இடது, வலது லேபிள்களில் வரிசை எண் வேறு வேறாக இருக்கும். இரண்டிலும் ஒரே எண் என்றால் போலி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

தயாரான நாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நைக்கி ஷூக்களில் ஏறக்குறைய பாதி வியட்நாமில் தயாராகிறது. இந்தோனேசியா, சீனாவிலும் தயாராகிறது. நம் செய்யாறிலும் தைக்கிறார்கள். ஆனால் “ஃபேக்டரி சர்ப்ளஸ் சார், பின்வாசல் வழியா வந்தது” என்ற கதையை நம்பாதீர்கள். எல்லா சைஸிலும், கேட்டபோதெல்லாம், பாதி விலைக்கு ஒரு தொழிற்சாலையில் மிச்சம் விழாது.

இந்தியக் கடையில் முறையாக விற்கும் பெட்டி என்றால் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி ஒட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய ஜோடிக்கு அது இருக்காது. அதற்கு அந்தக் கடையின் பில்லைக் கேளுங்கள்.

‘பரிசோதித்தது’ என்ற முத்திரையும் முழுக் காப்பு அல்ல. பரிசோதித்தே அனுப்புவதாகச் சொல்லும் ஸ்டாக்எக்ஸ் தளம் 37 போலி ஜோடிகளை விற்றதற்குப் பொறுப்பு என்று 2025 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தெரியாதவரிடம் வாங்கும்போது, ஒரு தாளில் அன்றைய தேதியையும் அவர் பெயரையும் எழுதி, ஷூவின் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். இரு உள்லேபிள்கள், பெட்டி லேபிள், குதிகால் பின்புறம், கணுக்கால் மேலிருக்கும் சிறகு முத்திரை ஆகியவற்றின் படங்களும் வேண்டும். அசலில் அந்த முத்திரை ஆழமாகப் பதிந்திருக்கும்; பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் நடுவில் சற்றுக் குறுகியிருக்கும். அதிகாரபூர்வக் கடையின் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

முன்பின் தெரியாதவருக்கு யுபிஐயில் முழுப் பணமும் போடாதீர்கள். கேஷ் ஆன் டெலிவரியிலும் பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்க விடுவார்கள். ஓப்பன் பாக்ஸ் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒட்டு பிரிப்பதிலிருந்து லேபிள் தெரியும்வரை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். அசல் என்று சொல்லி விற்ற கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போது அந்த வீடியோ, பில், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கட்டும்.