குழந்தைகளுக்குக் குருவியைக் காட்டுங்கள்

நமது பாலர்களுக்கு எண்ணும் எழுத்தும் கற்பிக்கும் விஷயத்தில் பெற்றோர் காட்டும் சிரத்தை போற்றத்தக்கதே. ஆயினும், படத்தைக் கண்டவுடன் பனிக்கரடியின் பெயரை ஒப்பிக்கும் மூன்று வயதுக் குழந்தை, தன் வீட்டு மதிலின்மேல் வந்தமரும் கரிச்சானை இன்னதென்று அறியவில்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய தந்தையும் பல வீடுகளில் அறியார். இதை அற்பக் குறையென்று நாம் தள்ளிவிட முடியாது. தான் பிறந்த மண்ணின் மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத பிரஜை, நாளை அம்மரம் வெட்டப்படும்போதும் ஏரி தூர்க்கப்படும்போதும் ஏன் வருந்தப் போகிறான்? தேசபக்தி என்பது தேசப்படத்தின்மீது கொள்ளும் பக்தியன்று.

இக்கொள்கை நமக்குப் புதிதுமன்று. 1901-ல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய ரவீந்திரநாத தாகூர், மரநிழலிலேயே வகுப்புகளை நடத்தினார். 1928-ல் மரம் நடுவதை அங்கே ஒரு திருவிழாவாகவே ஏற்படுத்தினார். ஏட்டுப் படிப்போடு நில்லாமல் கைத்தொழில் மூலம் குழந்தை கல்வி பெறவேண்டுமென்று 1937-ல் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தினார். அப்பெரியோர் காட்டிய வழியைப் புகழ்ந்தோமேயன்றிப் பின்பற்றினோமில்லை.

இதற்குப் பெருஞ் செலவு வேண்டுமோ? வேண்டியதில்லை. ஒரு கொட்டாங்கச்சியில் துளையிட்டு, மண் நிரப்பி, இரண்டு அவரை விதைகளைக் குழந்தையின் கையாலேயே ஊன்றச் செய்யுங்கள். ஒரு வார காலத்திற்குள் வளைந்த தண்டு மண்ணைப் பிளந்து எழும்; பருத்த இரு விதையிலைகள் விரியும்; அவற்றிற்கு மேல் புதுத் தளிர் தோன்றும். தினம் காலையில் ஓடிச்சென்று பார்க்கும் அக்குழந்தை, பொறுமை என்னும் பாடத்தை எந்த உபாத்தியாயரின் பிரம்பும் இன்றியே கற்றுக்கொள்ளும். நீர் ஊற்ற மறந்த நாளில் செடி வாடுவதைக் கண்டு பொறுப்பு இன்னதென்றும் உணரும்.

பறவைகளைக் காண்பதும் இத்தகையதே. அதிகாலையில் கால்மணி நேரம் வாசலில் அசையாமல் உட்கார்ந்தால் போதும். இலைகளை நாரால் தைத்துக் கூடு அமைக்கும் தையல்சிட்டையும், வண்டியின் கண்ணாடியில் தன் உருவத்தையே பகைவனென்றெண்ணிக் கொத்தும் குருவியையும் காணலாம். குயிலோசை கேட்கும் பருவத்தில் காக்கைக் கூட்டைத் தூரத்திலிருந்து கவனியுங்கள். ஆண் குயில் கறுப்பு. பெண் குயிலோ பழுப்பு நிறத்தில் புள்ளிகள் உடையது. அது காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிடுகிறது. காக்கையோ அந்நியக் குஞ்சுக்கு இரை தேடி அலைகிறது. குழந்தை கேட்கும் ஆயிரம் கேள்விகளுக்கு இந்த ஒரு காட்சியே இடம் தரும்.

நடுதலும் நோக்குதலும் வெவ்வேறு பாடங்களுமல்ல. வேலியோரத்து வேம்பைப் பெரும்பாலும் மனிதர் நட்டதில்லை; பழத்தைத் தின்ற பறவை போட்ட விதையே மரமாகிறது. பனையின் உச்சியில் ஆல் முளைப்பதும் அவ்வாறே. இன்று நாம் நடும் கன்றில் நாளை பறவை வந்து அமரும். அப்பறவை வேறோரிடத்தில் இன்னொரு மரத்தை நடும்.

சிறு வயதில் விழும் வித்து எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஸாலிம் அலியே சாட்சி. 1896-ல் பிறந்த அவர், பாலப் பருவத்தில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்திலிருந்த மஞ்சள் நிறம் அவரை வியப்பில் ஆழ்த்தவே, அதன் பெயரை அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்குச் சென்றார். அங்கே காரியதரிசியாயிருந்த மில்லார்டு என்பவர் சிறுவனென்று அலட்சியம் செய்யாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் எடுத்துக் காட்டினார். அன்று அவர் செலவிட்ட சிறிது நேரம், பாரத தேசத்திற்கு ஈடிணையற்ற பறவையியல் நிபுணர் ஒருவரைத் தந்தது.

நம் நாட்டுப் பாமர ஜனங்களும் இவ்விஷயத்தில் வழிகாட்டிகளே. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் கிராமத்தார், ஏரியில் கூடும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமென்பதை அவர்கள் கண்ணால் கண்டு அறிந்திருந்தனர். அவ்வேரி 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்றது. ஏடு படியாத அக்கிராமத்தார் அறிந்ததை, ஏடு மட்டுமே படிக்கும் நம் குழந்தைகள் இழந்துவிடலாமா?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கூட்டை நெருங்குதலும் முட்டையைத் தொடுதலும் கூடா. தொந்தரவு செய்தால் சில பறவைகள் கூட்டையே துறந்துவிடும். கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டும் அனுபவிக்கக் குழந்தை கற்பதும் கல்வியே.

நேரமில்லை என்பார்க்கு நாம் கூறுவது இதுவே: கைப்பேசிக்கு நாம் அளிக்கும் நேரத்தில் கால்மணியைக் குழந்தைக்கு அளிப்போமாக. இடமில்லை என்பார்க்கு மாடிச் சுவரில் ஒரு தொட்டியும், அதனருகே ஒரு கிண்ணம் நீரும் போதும். பாடசாலைகள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கட்டும். அந்த நேரத்தில் பரீக்ஷை மட்டும் வேண்டாம். வருகிற ஞாயிறு காலையில் உங்கள் குழந்தையின் விரலைப் பிடித்து வாசலுக்கு வாருங்கள். பெயர் தெரியாத பறவை வந்தால் வெட்கப்பட வேண்டாம். குழந்தையோடு சேர்ந்து நாமும் கற்போம்.