மார்பகப் புற்றுநோய்: குடும்பத்துக்குக் கை கொடுப்பவர்கள்

மார்பகப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு வீட்டில் எழுகிற முதல் கேள்வி, "பிழைச்சுக்குவாளா?" என்பதுதான். அடுத்த வாரம் வருகிற கேள்விகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கரண்ட் வைக்கிற நாட்களில் எங்கே தங்குவது? பிள்ளைகளுக்கு யார் சோறாக்கிப் போடுவது? துணைக்குப் போகிறவரின் கூலி போனால் அடுப்பு எப்படி எரியும்?

எங்கள் கருவடிக்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். கதிர்வீச்சு கொடுப்பது என்னவோ சில நிமிஷம்தான். ஆனால் வாரத்தில் 5 நாள் வீதம், பெரும்பாலும் 3 முதல் 5 வாரம் வரை விடாமல் போகவேண்டும். தினமும் பஸ் ஏறி வந்து போக உடம்பில் தெம்பு ஏது? சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் எல்லோரும் நோய்க்குப் பயந்து திரும்புவதில்லை. தங்க இடமில்லாமல், கைச்செலவுக்கு இல்லாமல் திரும்புகிறவர்களும் உண்டு. பாதியில் நின்ற சிகிச்சை நோய்க்கு மறுபடி கதவைத் திறந்துவிடுவது போலத்தான்.

சிகிச்சைச் செலவுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஓரளவு உதவும். அட்டைக்குள் அடங்காத இந்தச் சில்லறைக் கஷ்டங்களுக்குத்தான் தர்ம ஸ்தாபனங்கள் வேண்டியிருக்கின்றன. நம் தமிழ்நாட்டில் இந்தக் காரியத்தைத் தொடங்கிவைத்ததே பெண்கள்தான். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். தொடக்கத்தில் அங்கே இருந்தவை 12 படுக்கைகள்! மறு வருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும் வரை அந்த வளாகமே தன் வீடு என்று வாழ்ந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிற ஏழை நோயாளிகளுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும், அடையாறில் ஸ்ரீ மாதா டிரஸ்ட் இலவசமாகத் தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பொதுவாக ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்பார்கள். ஆகவே எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும், போன முதல் நாளே சமூகப் பணியாளர் யார் என்று விசாரித்து அவரைப் பாருங்கள். தங்குமிடம், நிதியுதவி எல்லாவற்றுக்கும் வழி தெரிந்தவர் அவர்தான். கூச்சப்பட்டால் நடக்காது.

ரயில் சலுகையும் பலருக்குத் தெரிவதில்லை. சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் முழு இலவசம். துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, ஆண்களிடம் சொல்ல முடியாத ஒரு கஷ்டம். மார்பை எடுத்த பிறகு பலர் பழந்துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அது நகர்ந்துவிடும், நம் ஊர் வெயிலில் வேர்த்து ஊறும். கல்யாணம் கார்த்திகைக்குப் போகவே பயந்து வீட்டோடு முடங்கிவிடுகிறவர்கள் எத்தனை பேர்! கடையில் விற்கும் சிலிக்கான் மார்பு ஆயிரக்கணக்கில் விலை, கனமும் அதிகம். 1952-ல் அமெரிக்காவில் தெரேஸ் லாஸர் என்ற பெண்மணி, தனக்கு ஆபரேஷன் ஆன பிறகு, அதே நிலையிலிருந்த மற்றப் பெண்களைத் தேடிப் போனாராம். கையில் கொண்டுபோனது ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு பஞ்சு மார்பு. பந்தும் கயிறும் கை மரத்துப் போகாமல் பயிற்சி செய்ய. பட்டவருக்குத்தானே தெரியும்!

இப்போது மும்பையில், தானும் இந்த நோயைத் தாண்டிவந்த ஜெயஸ்ரீ ரத்தன் தொடங்கிய சாய்ஷா இந்தியா ஃபவுண்டேஷன், குரோஷாவில் பின்னிய மார்பை இலவசமாகவே தருகிறது. தன்னார்வமாகப் பின்னித் தருகிறவர்கள் பெண்கள். மெத்தென்ற பருத்தி நூல், உள்ளே லேசான பஞ்சு. துவைத்துக் காயப்போட்டு மறுபடி வைத்துக்கொள்ளலாம். கம்பளி நூல் தழும்பில் குத்தும், அதனால் ஆகாது. புண் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். மேஜை விரிப்பும் டி.வி. உறையும் பின்னி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் சகோதரிகள் அவர்களுக்கு எழுதி, அளவும் பின்னல் முறையும் கேட்டுப் பழகலாமே.

ஊசி மருந்து ஏற்றினால் தலைமுடி கொட்டும். விக் செய்வதற்கு முடி தானம் வாங்குகிறார்கள். சென்னையில் செரியன் ஃபவுண்டேஷன் இதைச் செய்கிறது. எண்ணெய் போக அலசி, நன்றாகக் காயவைத்து, பின்னி, ரப்பர் பாண்ட் போட்டு அதன் பிறகே வெட்டவேண்டும். எத்தனை அங்குலம் தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டை முடியாகப் போய்விட்டால் வீண். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டவர்களை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்தாபனம் எதுவும் எட்டாத இடத்தில் அடுத்த வீட்டுக்காரி இருக்கிறாள். இது ஒட்டுவாரொட்டி வியாதியல்ல. இன்றைக்கும் தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்குகிற வீடுகள் இருக்கின்றனவே, என்னத்தைச் சொல்ல! பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோய், யார் யார் இதே நோயில் போனார்கள் என்று கதை சொல்லிவிட்டு வரவேண்டாம். ஊசி போட்ட வாரத்தில் தாளிக்கிற வாசனையே குமட்டும், வாயில் புண் இருக்கும். காரமில்லாமல் குழைந்த பருப்பு சாதமும் இட்லியும் செய்து அனுப்புங்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கலாம். டாக்டர் அனுமதிக்கும் வரை தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்கி வைத்துக் கொடுங்கள். இட்லி மாவையும் உங்கள் கிரைண்டரிலேயே சேர்த்து ஆட்டிவிடுங்கள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் குழந்தைகளை ஸ்கூலிலிருந்து கூட்டிவந்து டிபன் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத உட்கார வையுங்கள். "ராத்திரி எட்டு மணியானாலும் பரவாயில்லை, எங்க வீட்டில்தான் இருப்பாங்க" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்க வேண்டாம்.