பற்றரி காக்கும் பாஸ்வேர்ட்

தலவாக்கலையில் அணைகட்டித் தேக்கும் நீரைக் கொண்டு மேல் கொத்மலை நிலையம் 150 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. ஆனாலும் அடைமழையில் அந்த ஊரிலும் கரண்ட் போகும். மறுநாள் கம்பியூட்டரைப் போட்டால் நேரம் பிசகாமல் காட்டும். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் வட்டப் பற்றரிதான் காரணம். பழைய கம்பியூட்டரில் மறந்துபோன தொடக்கப் பாஸ்வேர்டை நீக்கும் வழியும் அதனிடமே இருக்கிறது.

முதலில் எந்தப் பாஸ்வேர்ட் என்று பாருங்கள். விண்டோஸ் வந்த பிறகு கேட்டால் அது வேறு. அதற்கு இந்த வழி உதவாது. விண்டோஸ் தொடங்கும் முன்பே கேட்டால் அது கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் மென்பொருளின் பாஸ்வேர்ட்.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்று இருந்தது. அதன் நினைவகம் 64 பைட் மட்டுமே. 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 கணினியின் அமைப்புகளுக்கு. சீமோஸ் எனப்படும் இந்த நினைவகத்தில்தான் பின்னர் பல கணினிகள் பாஸ்வேர்டையும் வைத்தன. பற்றரி உள்ளவரை அது நினைவில் நிற்கும்; மின்சாரம் முற்றாக நின்றால் அழிந்துவிடும்.

எனவே கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குங்கள். பல மதர்போர்டுகளில் சீமோஸை அழிக்கவென்றே மூன்று ஊசிகளும், அவற்றில் இரண்டை இணைக்கும் ஜம்பர் என்ற சிறு மூடியும் உண்டு. கையேட்டில் சொன்னபடி ஜம்பரை அடுத்த இரு ஊசிகளுக்கு மாற்றி, சில விநாடிகள் கழித்துப் பழைய இடத்தில் மாட்டுங்கள். மாற்றிய நிலையில் கணினியைப் போடக் கூடாது. ஜம்பர் இல்லையென்றால் பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, கூட்டல் குறி மேலே தெரிய மாட்டுங்கள்.

மீண்டும் போட்டதும் தேதி தவறாகக் காட்டும். அமைப்புத் திரையில் அதைத் திருத்துங்கள். இல்லாவிட்டால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

பல மடிக்கணினிகளில் இது பலிக்காது. அவை பாஸ்வேர்டை மின்சாரம் இல்லாமலே நிலைக்கும் தனிச் சில்லில் வைக்கின்றன. வாங்கிய பற்றுச்சீட்டுடன் தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

ஒரு ஜம்பருக்கு விட்டுக்கொடுக்கும் பூட்டை நம்பி எதையும் ஒளிக்க முடியாது. அது கணினியைத் தொடங்கவிடாமல் மறிக்கிறதே தவிர, வன்தட்டில் உள்ளதை மறைப்பதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பாஸ்வேர்டே தேவையில்லை. சம்பளக் கணக்கோ பிள்ளைகளின் சான்றிதழ்களோ இருந்தால் வன்தட்டைக் குறியாக்கம் செய்து, மீட்புச் சாவியை வீட்டில் தனியே எழுதி வையுங்கள். அதைத் தொலைத்தால் எந்த ஜம்பரும் உதவாது.