பிரபு வீட்டுக் கல்யாணமும் நம் வீட்டுக் கவலையும்

தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு காலத்தில் ரமணிசந்திரன் நாவல்கள் கை மாறும். இப்போது எல்லாம் செல்போனில். அதில் இங்கிலாந்துப் பிரபுக்களும் இடம் பிடித்துவிட்டார்கள். 2020-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பிரிட்ஜெர்டன்’ தொடரைப் பார்த்துவிட்டு, ஜூலியா குவினின் மூல நாவல்களைத் தேடிப் படிக்கும் தோழிகள் உண்டு.

இவற்றுக்கு ‘ரீஜென்சி’ காதல் கதைகள் என்று பெயர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயில் விழ, அவர் சார்பில் மகன் ஆண்ட 1811–1820 காலம் அது. ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்ததும் அப்போதுதான். 1935-ல் ஜார்ஜெட் ஹேயர் ‘ரீஜென்சி பக்’ எழுதினார். பிறகு இதுவே தனி ரகமாகிவிட்டது.

கவுனும் குதிரை வண்டியும் நமக்கு எதற்கு? கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த நடன விருந்து நம்மூர் பெண் பார்க்கும் படலம்தான். பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும்தான் இல்லை! பையனுக்கு வருமானம் என்ன, சொத்து எவ்வளவு என்று அம்மாக்கள் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையில் ஐந்து பெண்களைப் பெற்ற அம்மாவின் புலம்பல் முதலில் சிரிப்பாக இருக்கும். அப்பா கண்ணை மூடினால் வீடு உறவுக்கார ஆணுக்குப் போய்விடும் என்று தெரிந்த பிறகு சிரிக்க முடியாது.

ராஜீவ் மேனனுக்கு இது புரிந்திருக்கிறது. ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை 2000-ல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக்கினார். தாத்தாவின் உயிலால் சொத்து மகனுக்குப் போக, செட்டிநாட்டு வீட்டை விட்டு அம்மாவும் பெண்களும் சென்னைக்கு வருகிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால், சுயமாகச் சம்பாதித்த சொத்தை அப்பா மகனுக்கே உயில் எழுதிவிட்டால், மகள் இன்றும் கேட்க முடியாது.

இவ்வளவு நெருக்கடியிலும் கதாநாயகி ‘வேண்டாம்’ என்கிறாள். டார்சி அத்தனை பெரிய பணக்காரன். திமிராகப் பெண் கேட்டதும் எலிசபெத் மறுத்துவிடுகிறாள். அவன் தன்னைத் திருத்திக்கொண்டு, இரண்டாம் முறை பணிவோடு கேட்கிறான். ரமணிசந்திரனின் வாசகிகளுக்கும் இது பழகிய ருசிதான்: வசதியான நாயகன், ரோஷக்காரப் பெண், நடுவில் ஒரு தப்பெண்ணம். ‘பையன் நல்ல இடம்’ என்ற பேச்சுக்கு முன்னால் வாயடைத்து நின்றவளுக்கு, அந்த ‘வேண்டாம்’ எவ்வளவு பெரியது!

ஆஸ்டினின் ஆங்கிலம் மிரட்டினால் படத்தை முதலில் பாருங்கள். கதை தெரிந்துவிட்டால் நாவல் தானாக ஓடும்.