நெடுந்தூர ஓட்டமும் எலும்பின் இணக்கமும்

பள்ளியில் 1,500 மீட்டர் அல்லது 3,000 மீட்டர் ஓட்டத்தில் தேர்ச்சி பெற்ற மாணவர், கல்லூரியில் சேர்ந்ததும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களுக்குத் தயாராக வேண்டியவராகிறார். வாரத்திற்கு 25 கிலோமீட்டர் ஓடி வந்தவர், மூத்த மாணவர்களோடு சேர்ந்து 60 கிலோமீட்டர் ஓட முற்படுகிறார். முதல் மாதம் உற்சாகமாகக் கழிகிறது. இரண்டாம் மாதத்தில் முழங்காலுக்குக் கீழே வலி தோன்றுகிறது. சிலர் பயிற்சியையே கைவிட நேர்கிறது. இதனை மனவுறுதிக் குறைவு என்று கருதுவது தவறு. உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் பயிற்சிக்கு இணங்குவதில்லை என்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இதயமும் தசைகளும்

பயிற்சி தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள்ளாகவே இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா அதிகரிக்கிறது. இதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தைச் செலுத்துகிறது. அடுத்த சில வாரங்களில், பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் தசைகளில் பெருகுகின்றன. ஆகவே சுமார் ஆறு வாரங்களில் மூச்சு வாங்குவது குறைந்து, ஓட்டம் எளிதாகத் தோன்றுகிறது.

எலும்புகள்

எலும்பு இவ்வளவு விரைவில் இணங்குவதில்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது. 55 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 110 முதல் 165 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடிகள் வைக்க வேண்டும். இப்புதிய பாரத்தைத் தாங்கும் பொருட்டு எலும்பு தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது. முதலில் பழைய எலும்புப் பொருள் சில வாரங்களில் அகற்றப்படுகிறது. அவ்விடத்தில் புதிய எலும்பு உருவாகி உறுதிபெற மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகின்றன. இடைக்காலத்தில் அப்பகுதி சற்று வலுக்குறைந்தே இருக்கும். இதயம் வலுப்பெற்று, எலும்பு இன்னும் வலுப்பெறாத இவ்வாரங்களே ஆபத்தானவை. அப்போது உடல் தெம்பை மட்டும் நம்பித் தூரத்தைக் கூட்டினால் எலும்பில் நுண்ணிய விரிசல் ஏற்படக்கூடும்.

பயிற்சியை உயர்த்தும் முறை

முதல் மூன்று வாரங்கள் மாணவரைப் பழகிய தூரத்தையே ஓடச் செய்தல் நலம். பின்னர் வாரந்தோறும் 3 அல்லது 4 கிலோமீட்டருக்கு மிகாமல் கூட்டலாம்; நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கூட்டாமல் தளர்த்த வேண்டும். இவ்வாறு 60 கிலோமீட்டரை எட்டச் சுமார் நான்கு மாதங்கள் ஆகும். எலும்பு தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவும் ஏறத்தாழ இக்காலமே தேவைப்படுகிறது. பெரும்பாலான ஓட்டங்கள், உடன் ஓடுபவரோடு தடையின்றிப் பேசக்கூடிய வேகத்தில் அமைய வேண்டும். காலையில் எழுமுன் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வரச் செய்யலாம். அது சில நாட்கள் தொடர்ந்து வழக்கத்தினும் மிகுந்து, உறக்கமும் பசியும் குறைந்தால் பயிற்சியைக் குறைப்பது அவசியம்.

இரத்த சோகை

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினரும் ஆண்களில் 31 சதவீதத்தினரும் இரத்த சோகை உடையவர்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் தசைகளுக்குப் போதிய பிராணவாயு கிட்டாது. ஆதலால் கடும் பயிற்சிக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் நன்று. கீரை, பயறு வகைகளுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து உண்டால் இரும்புச் சத்து நன்கு உட்கொள்ளப்படும். உணவோடு தேநீர் அருந்துவது அதைத் தடுக்கும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

எலும்பில் குறிப்பிட்ட ஓரிடத்தை விரலால் அழுத்தும்போது வலித்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாணவிகளுக்கு மாதவிடாய் மூன்று மாதங்கள் தொடர்ந்து நின்றுவிடுமானால், உழைப்பிற்கேற்ற உணவு கிடைக்காமை அதற்குக் காரணமாக இருக்கலாம். இந்நிலை எலும்பையும் நலிவிக்கும். வலியை மறைப்பவரே சிறந்த வீரர் என்ற எண்ணம் மாணவரிடையே பரவாமல், அதனை முதல் நாளே தெரிவிக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் வளர்ப்பார்களாயின், பல மாதப் பயிற்சி வீணாகாமல் காக்கப்படும்.